முதல் துண்டு றோஸிக்கு

கிட்ட வந்து இருங்கோ பிள்ளையள், கொட்டாஞ்சேனையில் நடந்த கதையொன்று சொல்லுறன். சண்டைக் காலம் அது.

பக்கத்து வீட்டு றோஸிக்குச் சீனி வருத்தம். டொக்டர் சோற்றையும் பாணையும் நிறுத்தி, இறைச்சியும் மரக்கறியும்தான் என்றுவிட்டார். அன்று மத்தியானம், வினாகிரியிலும் மிளகிலும் ஊறிய பன்றி இறைச்சித் துண்டுகளைக் கரியடுப்பில் வாட்டிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவள் கையிலிருந்த விசிறியை வாங்கினேன்.

"முதல் துண்டை நீ சாப்பிடு."

"விசரே மெற்றில்டாக்கா? பேதுரு ஹாபர் வேலையால வரட்டும். என்ர மனுசனை விட்டிட்டு நான் எப்ப சாப்பிட்டனான்?"

"சீனிக்குக் குளிசை போட்டிட்டாய். மயங்கி விழப்போறாய்."

"சரி, பெரிய துண்டு அவருக்கு. அடுப்பிலேயே இருக்கட்டும், சூடாச் சாப்பிடுவார்."

"ஓம், ஓம்."

ஊதி ஊதி நானே ஊட்டினேன். சிரித்துக்கொண்டே இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

பிறகு வாசலைப் பார்த்துத் தலையசைத்தேன். பங்குச் சுவாமியும், துறைமுகத்தில் பேதுருவோடு வேலைசெய்த இருவரும் உள்ளே வந்தார்கள். பேதுரு குண்டு வெடித்துச் செத்த செய்தியைத் தெரு ஒழுங்கையில் வைத்து என்னிடம்தான் முதலில் சொன்னார்கள். செத்த வீட்டில் அடுப்பெரியாது, றோஸி ஒரு வாய் சாப்பிடும்வரை பொறுங்கோ என்று நான்தான் அவர்களை நிறுத்தியிருந்தேன்.

பெரிய துண்டு அடுப்பிலேயே கருகிப்போனது.

உங்கட வீடுகளில், வேலைக்குப் போன எல்லாரும் திரும்பி வந்து ஒன்றாயிருந்து சாப்பிடட்டும், என்ர பிள்ளையள்.