பதினோரு தப்பு

"அக்கா, உங்க பொது அறிவு நோட்டை ரெண்டு நாளைக்குக் குடுங்களேன். ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தந்துடறேன்."

கேட்டவன் கூரியர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தோளில் பையோடு நூலகத்துக்கு ஓடி வருவான். முக்கால் மணி நேரம் படித்துவிட்டு மறுபடி ஓடுவான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்சமாவது கூச்சம் இருக்கிறதா பாருங்கள்! ஆறு மாசம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு முந்நூறு கேள்வி பதில் சேர்த்து வைத்திருக்கிறாள். நோகாமல் வாங்கிக்கொண்டு போக வந்துவிட்டார் துரை!

குடிமைப் பணித் தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம்தான். போன தடவை ஒன்றரை மார்க்கில் கோட்டை விட்டாள். இந்த வருஷத்தோடு வயது வரம்பும் முடிகிறது. "இதுவும் போச்சுன்னா புத்தகத்தையெல்லாம் மூட்டை கட்டிட வேண்டியதுதான்" என்று கணவன் சொல்லிவிட்டான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பாவமாகச் சொன்னான்.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நூலகர் குறுக்கே வந்தார்.

"கேளுப்பா, கேளு. தங்கமான பொண்ணு அது. இல்லேன்னு சொல்லவே தெரியாது."

படிப்பறையில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அதுக்கென்ன, தாராளமா" என்று சிரித்து வைத்தாள். "ஆனா இது பென்சில்ல எழுதினது. ஜெராக்ஸ்ல சரியா விழாது. நானே வேற நோட்டுல எழுதித் தர்றேன்."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்?"

"இதுல என்ன சிரமம்? எழுதினா எனக்கும் மனசுல நிக்கும்."

நூலகர் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார், 'சொன்னேன்ல?' என்பதுபோல.

முதல் பத்துப் பக்கம் ஒழுங்காகத்தான் எழுதினாள். அடுத்த பக்கத்தில், வளர்ந்த மனிதனுக்கு எலும்புகள் எத்தனை என்ற கேள்வி. 206. பேனா நின்றது.

அவனும் இதே தேர்வுதானே எழுதப் போகிறான்? என் உழைப்பை வாங்கிப் படித்துவிட்டு என்னையே தாண்டிப் போய்விட்டால்? இந்தத் தடவையும் அந்த ஒன்றரை மார்க் போய்விட்டால்?

208 என்று எழுதினாள்.

அப்புறம் கை கூசவில்லை. அரசியலமைப்பில் நிதி ஆணையம் 280-வது பிரிவிலிருந்து 281-க்குப் போனது. ஸ்கர்வி நோய்க்கு வைட்டமின் சி போய் டி வந்தது. வருஷங்கள் ஒன்றிரண்டு முன்னே பின்னே நகர்ந்தன. எண்ணிக்கொண்டே வந்தாள். பதினொன்று. போதும். தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு மார்க் வேறு கழித்துவிடுவார்கள்.

அவன் நோட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"எங்க வீட்லகூட எனக்காக யாரும் இப்படி மெனக்கெட்டதில்லக்கா."

அன்று இரவு தட்டைத் தள்ளி வைத்தாள். வயிறு சரியில்லை என்று கணவனிடம் சொன்னாள். மறுநாள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவன் மேஜை வரைக்கும் போனாள். என்னவென்று சொல்வது? திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அவனும் அதற்குப் பிறகு அவளிடம் பேச வரவில்லை. தினமும் மூலையில் தடித்தடியான புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். தான் எழுதிக் கொடுத்த நோட்டையும் சேர்த்து மனப்பாடம் செய்கிறான் என்று அவள் நினைத்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம், மூச்சிரைக்க அவள் முன்னால் வந்து நின்றான். கையில் அந்த நோட்டு.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இதுல சிலதைக் கை தவறி மாத்தி எழுதிட்டீங்க போல."

அவள் தன் பென்சில் நோட்டைச் சட்டென்று மூடினாள்.

"எனக்காக அவசர அவசரமா எழுதினீங்கல்ல, அதான். ஆனா முதல் தப்பைப் பார்த்ததும் எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. உங்க நோட்டுலயும் இப்படியே இருந்துட்டா? நீங்க அதைத்தானே படிச்சிட்டிருக்கீங்க? உங்களுக்கு இதுதான் கடைசித் தடவைன்னு நூலகர் வேற சொன்னாரு. மனசு கேக்கல. முந்நூறையும் ஒண்ணொண்ணா எடுத்து, பெரிய புத்தகங்களோட ஒத்துப் பாத்துட்டேன். இப்பதான் முடிஞ்சுது. தப்பையெல்லாம் சிவப்புல வட்டம் போட்டிருக்கேன்."

"அப்போ... நீ எதுவும் படிக்கலையா?"

"எனக்கென்னக்கா, இன்னும் நாலு வருஷம் இருக்கு." அவன் போன் அடித்தது. "ஒரு பார்சல் நிக்குது, வர்றேன். நாளைக்கு நல்லா எழுதுங்க!"

ஓடிவிட்டான்.

வெட்கத்தில் காதெல்லாம் எரிந்தது. நோட்டைத் திறந்தாள். 208-க்குச் சிவப்பு வட்டம். 281-க்கு வட்டம். வைட்டமின் டி-க்கு வட்டம். ஒன்றையும் விடவில்லை, மகராசன். பத்து, பதினொன்று என்று எண்ணிக்கொண்டே வந்தவள், அடுத்த பக்கத்தைப் புரட்டியதும் நின்றாள்.

அங்கே இன்னொரு வட்டம்.

'பித்தநீரைச் சுரப்பது எது? பித்தப்பை.' அந்த விடையைச் சுற்றிச் சிவப்பு மை. பக்கத்தில் பொடி எழுத்தில், 'கல்லீரல். பித்தப்பை சேமித்து மட்டும்தான் வைக்கும்.'

அவசரமாகத் தன் பென்சில் நோட்டைப் பிரித்துத் தேடினாள். அதே கேள்வி. அதே பித்தப்பை.

அவனைக் கவிழ்க்க அவள் எழுதிய தப்பு பதினொன்றுதான். பன்னிரண்டாவது, ஆறு மாசமாக அவளே உருப்போட்டுக்கொண்டிருந்தது.