உச்சியில் ஒரு நோட்டு

"பத்து வருஷமா இங்க வந்து நான் மலை ஏறுறேன், நீ கூடாரத்துல டீ போடுற. இன்னிக்கு எல்லாம் தலைகீழ்" என்று வீங்கிய முழங்காலைத் தடவினான் மெர்வின்.

"சர்க்கரையைக் கம்மியா போடு" என்றபடி தண்ணீர்ப் பையை மாட்டினாள் கொலீன்.

உச்சியில் கற்குவியலுக்குள் ஒரு தகரப் பெட்டி. அதிலுள்ள நோட்டில், ஏறியவர்கள் பெயர் எழுதிவிட்டு வருவார்கள்.

"வெயில் கொளுத்துது, ஈ வேற மொய்க்கும். பாதியிலயே திரும்பிடு."

"உன் பேருக்குக் கீழ என் பேரை எழுதாம வரமாட்டேன்."

மாலையில் செம்மண் அப்பிய கால்களோடு இறங்கி வந்தாள்.

"நோட்டைப் பார்த்தியா?" டீயை ஊற்றியபடி கேட்டான் மெர்வின்.

"எல்லா வருஷத்தையும் புரட்டிப் பார்த்தேன்."

"எலி கடிச்சிருக்குமே..."

"ஒரு பக்கம்கூடக் கிழியல."

பையிலிருந்து வெளுத்துப்போன தொப்பி ஒன்றை எடுத்து அவன் மடியில் வைத்தாள். போன வருஷம் உச்சியில் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டதாக அவன் சொன்ன தொப்பி.

"பாதி வழியில, நல்ல நிழலான மரத்துல தொங்கிட்டிருந்துச்சு. உச்சிக் காத்துக்கு ரொம்பப் பொறுப்பு, மெர்வின். அவ்வளவு தூரம் கீழ கொண்டுவந்து கிளையில மாட்டிட்டுப் போயிருக்கு."

அவன் டீக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினான். கொலீன் ஒரு வாய் குடித்தாள்.

"டீ நல்லா வந்திருக்கு. அடுத்த வருஷமும் நீயே போடு."