உரம் போடாத பாத்தி

லால்குடி வெயிலில் அலைந்து களைத்த விவசாய ஆபீசர் அப்துல் சலாம் வேலம்மாளின் வயல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு பாத்திக்கும் ஒண்ணாத்தானே களை எடுத்தீங்க, வேலம்மா?"

"ஆமாங்கய்யா. மோர் குடிங்க, மொகமே சரியில்ல."

"எப்படி இருக்கும்? உங்க வயல்ல உரம் போட்ட பாத்தி இனிப்பு மக்காச்சோளத்துலயும் போடாத பாத்தியிலயும் சத்து ஒரே அளவுதான்னு சோதனையில வந்திருக்கு. உரம் உரம்னு ஊரெல்லாம் கத்தினவன் நான். இப்ப உரமே வேண்டாம்னு மேலிடத்துக்கு எழுதணும். சனங்க சிரிக்கும்."

வேலம்மாள் பதறினாள்.

"அப்படி எழுதிடாதீங்கய்யா!"

"ஏன்?"

"நீங்க குடுத்த உரத்தை ரெண்டுக்கும் பாதிப் பாதியாப் போட்டுட்டேன். பக்கத்துல பக்கத்துல நிக்கிற பயிருங்க. ஒண்ணை மட்டும் பட்டினி போட மனசு வரலீங்க."