பச்சை டிக்

ரத்ததான அமைப்பின் தளத்தில் ரத்தம் வேண்டுவோர் நிரப்பும் இணையப் படிவம் அழுது வடிகிறதென்று, ஜெசிந்தா அதில் ஸ்கிரிப்ட் லைப்ரரி என்கிற ஆயத்த நிரல் தொகுப்பு ஒன்றைச் சேர்த்திருந்தாள். 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால் பச்சை டிக் ஒன்று துள்ளிக்கொண்டு வரும். ஆனால் விவரங்கள் அலுவலகத்துக்குப் போய்ச்சேர நிரலில் இன்னொரு வரியை அவளேதான் எழுத வேண்டும். டிக் துள்ளிய சந்தோஷத்தில் அது விட்டுப்போயிற்று. ஒன்பது நாளாக ஒரு விண்ணப்பமும் இல்லை. "யாருக்கும் தேவப்படல போல, நல்லதுதானே" என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அவளும் சிரித்தாள்.

பத்தாம் நாள், புதிதாக மழித்த தலையோடு ஒருவர் படியேறி வந்தார்.

"அம்மாவுக்கு ரத்தம் கேட்டு எழுதியிருந்தேன் மேடம். பச்சை டிக் வந்துச்சு. அதான் வேற எங்கயும் கேக்கல."

எழுதாத அந்த வரி அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. திட்டப் போகிறார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை.

"இனிமே வேணாம் மேடம். எங்க பேர எடுத்துட்டா, கொடுக்க வர்றவங்க வேற யாருக்காச்சும் கொடுப்பாங்கல்ல? அதச் சொல்லத்தான் வந்தேன்."

ஜெசிந்தா பட்டியலைத் திறந்தாள். காலியாகக் கிடந்த திரையில் மவுஸைக் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நகர்த்தினாள். பிறகு ஒருமுறை அழுத்தினாள்.

"எடுத்துட்டேன் சார்" என்றாள்.