ஒரே தட்டில்

நான்காம் மேசைக்காரர் மீனும் மாட்டுக்கறியும் ஒரே தட்டில் வேண்டும் என்றார்.

மீனை ஒரு தட்டிலும் கறியை இன்னொன்றிலும் கொண்டுவருகிறேன், நீங்களே சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தலைநகர் ஜாக்ரெப்காரர். வருடத்துக்குப் பத்து நாள் கடல் பார்க்க வருகிறவர்கள் எதிலும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஒரே தட்டு என்றார். அவர் மனைவி குடைக்கடியில் கண்ணை மூடிக்கொண்டார். பழகிப்போனவர் போலிருக்கிறது.

எங்கள் கடையில் அது நடக்காத காரியம்.

கடை அப்பா விட்டுப்போனது. மணலுக்கு மேலே ஒரு முற்றம், பதினாறு மேசை. முற்றத்தின் வடகோடியில் அண்ணன் லூக்ஷா மீன் சுடுகிறார். தென்கோடியில் தம்பி ஃப்ரானே மாட்டுக்கறி சுடுகிறான். இருவரும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது.

சுற்றுலா வருகிறவர்களின் பிள்ளைகள் மீனைத் தொடுவதில்லை, கறியும் போடலாம் என்று தம்பி சொன்னான். கடலுக்கு எதிரே மாட்டைச் சுட்டால் ஊர் சிரிக்கும் என்றார் அண்ணன். மறுநாள் விடிவதற்குள் தம்பி தென்கோடியில் செங்கல் அடுக்கி இன்னோர் அடுப்புக் கட்டிவிட்டான்.

எங்கள் பக்கத்தில் இதற்கு டிஷ்பெட் என்று பெயர். தனக்கு எவ்வளவு நஷ்டமானாலும் சரி, எதிராளிக்கு வயிறு எரிய வேண்டும்.

அண்ணன் மட்டும் சளைத்தவரா? தம்பியின் முகத்தைப் பார்த்து நிற்க மாட்டேன் என்று தன் அடுப்பை இடித்து வேறு பக்கம் திருப்பிக் கட்டினார். அன்றிலிருந்து சாயங்கால வெயில் முழுக்க அவர் கண்ணில்தான் அடிக்கிறது. அடிக்கட்டும் என்கிறார்.

மீனுக்கு வெள்ளைத் தட்டு, கறிக்கு மரப்பலகை. உப்பு ஜாடிகூட இரண்டு.

நடுவில் நான், நெடா. அண்ணனுக்கு இளையவள், தம்பிக்கு மூத்தவள். இவர்கள் பேச்சை நிறுத்திய அந்தக் கோடையில்தான் ரியேகா நகரத்தில் என் கல்யாணம் முறிந்தது. நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று இங்கே வந்தேன். இவன் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவனிடமும் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. சமையலறைக்கு மேலே அறை கொடுத்தார்கள். அப்படியே தங்கிவிட்டேன். எனக்கு வேறு வேலை தெரியாது. போக வேறு இடமும் இல்லை.

இவர்கள் என்றைக்காவது பேசிவிட வேண்டும் என்று ஊரே ஆசைப்படுகிறது. பாதிரியார் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பேசிவிடக் கூடாதே என்று நான் தினமும் பயந்துகொண்டிருந்தேன்.

நான்காம் மேசைக்காரர் கேட்டதைச் சொன்னேன். என் வெள்ளைத் தட்டில் வைப்பதானால் மீன் உண்டு என்றார் அண்ணன். என் பலகையில் வைப்பதானால் கறி உண்டு என்றான் தம்பி. கீரைக்கு வைத்திருக்கும் நீளத் தட்டு எனக்கு ஞாபகம் வந்தது. கீரை யாருடையதும் இல்லை. இருவரும் சரி என்றுவிட்டார்கள். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வம்பு. மீன் அடுப்பை விட்டு இறங்கினால் ஒரு நிமிடம் காத்திருக்காது. கறியோ இறக்கியதும் சற்று ஆற வேண்டும். கறி எப்போது இறங்கும் என்று அண்ணன் கேட்டு அனுப்பினார். மீனை எப்போது திருப்பினார் என்று தம்பி கேட்டு அனுப்பினான். நாலு தடவை முற்றத்தைக் கடந்தேன். 'இப்போது' என்று அங்கே சொன்னதை நான் இங்கே வந்து சொல்வதற்குள் அது பழைய சமாச்சாரம் ஆகிவிடுகிறது.

ஐந்தாம் தடவை அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. தட்டையான கரண்டியில் மீனை ஏந்திக்கொண்டு மேசைகளுக்கு நடுவே தென்கோடியைப் பார்த்து நடந்தார். உள்ளூர்க்காரர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். நான் நீளத் தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"எவ்வளவு நேரம்டா?" என்றார்.

பதினோரு வருடத்தில் முதல் பேச்சு.

"ஒரு நிமிஷம்ணே. கறி ஆறணும்."

ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. கரண்டியில் இருந்த மீனிலிருந்து எண்ணெய் அண்ணனின் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கடலைப் பார்த்தார். பிறகு கறியைப் பார்த்தார்.

"தப்பு எம்மேலதான், வந்து பேசுடான்னு சொல்லி அனுப்பினேனே. ஒரு வார்த்தை பதில் சொன்னியா?"

"நீ எங்கண்ணே அனுப்பின? நான்தான் மன்னிச்சிருன்னு சொல்லி அனுப்பினேன். நீதான் வாயே திறக்கல."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

இரண்டு செய்தியும் ஒரே நாளில்தான் என் கைக்கு வந்தன. காலையில் அண்ணன் சொன்னார், மத்தியானம் தம்பி சொன்னான். நான் வந்து ஒன்பதாம் நாள். பெட்டியை அன்று காலையில்தான் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கியிருந்தேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தம்பி கறியை அறுத்து என் கையிலிருந்த தட்டில் வைத்தான். அண்ணன் பக்கத்தில் மீனைச் சரித்தார். நான் நான்காம் மேசைப் பக்கம் திரும்பினேன்.

"நீ இரும்மா" என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டு, அண்ணனே நடந்து போனார்.