ஏழாம் குழாய்

ஆய்வகத்தில் எல்லோரும் அவளைச் சுத்தம்மா என்றே கூப்பிட்டார்கள். பன்றியின் ரத்தக்குழாயை அல்ட்ராசவுண்ட் தொட்டியில் அலசி, ஒரு செல்கூட மிச்சமில்லாத வெறுங்கூடாக்குவதில் அவளை அடிக்க ஆளில்லை. அந்தக் கூட்டில்தான் நோயாளியின் செல்களை வளர்ப்பார்கள். அவள் அலசிய குழாய் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

அன்று ஏழாம் குழாயை அலசிப் புட்டியில் போட்டாள். அது துடித்தது. நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. ஓரத்தில் ஒரு கீற்றை வெட்டி நுண்ணோக்கியில் மூன்று முறை பார்த்தாள். ஒரு செல்கூட இல்லை.

ஆய்வகத் தலைவர் கதவருகே நின்று, "எப்படிம்மா வந்திருக்கு?" என்றார்.

"துடைச்சு வச்ச மாதிரி இருக்கு சார். ஒண்ணுமே மிச்சமில்ல."

"உன் கைராசி யாருக்கும்மா வரும்!"

பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் போனதும் துடிப்பை மறுபடி எண்ணினாள்.

குழாய் இப்போது நிமிடத்துக்கு நூற்றுப்பத்து முறை துடித்தது.