மிச்ச உருளைக்கிழங்கு

பின்லாந்து எல்லைக் காட்டில், ஊர்க்காரர்களையும் அழைத்து நடத்தும் ராணுவப் பயிற்சி. மின்கோபுரத்தருகே ஒருவன் ட்ரோன் பறக்கவிடுவதை லெப்டினன்ட் ஹக்காலா கவனித்தார்.

"நாசவேலைக்காரன்தான்! சீருடையில வந்திருந்தா நாமே பிடிக்கலாம். சாதா சட்டையில வந்திருக்கான். போலீஸ் உதவி கேட்டாத்தான் நாம இறங்க முடியும். அதுக்குள்ள தப்பிச்சிடுவானே!"

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த துவோமோ எழுந்தான். "சார், நான்..."

"நாலு நாள் பயிற்சிக்கு வந்தவன் எனக்கு யோசனை சொல்றியா? உரிடா!"

ஹக்காலா ஊர்க் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். அங்கிருந்த பெண் எரிந்து விழுந்தாள்.

"இங்க இருக்கறதே ஒரே இன்ஸ்பெக்டர். அவரையும் நீங்கதானே பயிற்சிக்குன்னு கூட்டிட்டுப் போனீங்க!"

துவோமோ அடையாள அட்டையை நீட்டினான். "போலீஸ் உதவி கேட்குது. சட்டப்படி இனி உத்தரவு என்னோடது."

ஹக்காலா விறைப்பாக சல்யூட் அடித்தார். "சொல்லுங்க சார்!"

"பசங்க என்கூட வரட்டும். நீங்க..." துவோமோ கத்தியை அவரிடம் கொடுத்தார். "மிச்சத்தை உரிங்க."